மெழுகு எங்கே போகிறது?

மின்சாரம் நின்றுபோன ஓர் இரவில் என் பேத்தி கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அவளுக்கு எட்டு வயது. மேசைமேல் ஏற்றிவைத்த மெழுகுவர்த்தியைக் கன்னத்தில் கையூன்றி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், “தாத்தா, மெழுகு குறைஞ்சுகிட்டே வருதே, அது எங்கே போகுது?” என்றாள். “கரைஞ்சு போகுதும்மா” என்றேன். அவள் விடவில்லை. “கரைஞ்சா கீழேதானே வந்து நிக்கணும்? தட்டுல இவ்வளவுதானே இருக்கு?” என்று, வழிந்து உறைந்திருந்த இரண்டு சொட்டு மெழுகைச் சுட்டிக் காட்டினாள். எனக்கு விடை அடியோடு தெரியாமல் இல்லை. பள்ளியில் படித்தது எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. ஆயினும் அந்த நேரத்தில் என் வாயில் வந்தது வேறு. “அது தன்னையே அழிச்சுக்கிட்டு நமக்கு வெளிச்சம் தருது, நாமும் அப்படி இருக்கணும்” என்றேன். குழந்தை பேசாமல் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் எழுந்துபோனது என்னை உறுத்தியது. ஒரு பொருளைப் பற்றிக் கேட்டவளுக்கு ஒரு புத்திமதியைக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அந்தப் புத்திமதி தவறானதன்று. மறையுரைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் நாம் எத்தனையோ முறை கேட்டுப் பயன்பெற்ற உவமைதான். ஆனால் அவள் கேட்டது அதுவன்று. கேட்ட கேள்விக்கு விடை தராமல் அதன் இடத்தில் ஓர் அறநெறியை வைத்துவிட்டால், குழந்தை அறத்தையும் கற்பதில்லை, பொருளையும் அறிவதில்லை. இனிமேல் கேட்டுப் பயனில்லை என்பதை மட்டுமே கற்கிறது.

சிறுவர்க்கு அறிவியலையும் உலக நடப்பையும் எடுத்துரைக்கும் நூல்கள் இன்று நிறைய வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை ‘எளிமையாக எழுதப்பட்டவை’ என்ற ஒரே சொல்லால் பாராட்டி முடித்துவிடுகிறோம். அந்த எளிமை எத்தகையது என்று கேட்டுப் பார்ப்பதில்லை. பொருளைச் சுருக்கித் தருவதா, பொருளுக்குள் குழந்தையை அழைத்துச் செல்வதா? இவ்விரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை உணர்த்தக்கூடிய மூன்று பழைய நூல்களை மீண்டும் படித்துப் பார்த்தேன். அவை ஃபாரடே மெழுகுவர்த்தியைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள், நேரு தம் மகளுக்கு எழுதிய கடிதங்கள், கோம்பிரிச் எழுதிய சிறிய உலக வரலாறு ஆகியன. அவற்றின் நிறைகளையும் குறைகளையும் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே என் நோக்கம்.

கையில் உள்ள பொருள்

மைக்கேல் ஃபாரடே 1791இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகும்போதே, கட்ட வந்த புத்தகங்களைப் படித்து அறிவு தேடியவர். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்து உலகப்புகழ் பெற்ற பின்னும், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கென நடந்த சொற்பொழிவுகளை அவர் தம் தகுதிக்குக் குறைவென்று கருதவில்லை. 19 ஆண்டுகளில் அவற்றை அவரே நிகழ்த்தினார். மெழுகுவர்த்தியைப் பற்றி 1848இல் ஒரு முறையும், தம் 69ஆம் வயதில் 1860 டிசம்பர் இறுதியில் தொடங்கி மறுமுறையும் பேசினார். இரண்டாம் முறை ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளை வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861இல் நூலாக்கினார்.

என் பேத்தியின் கேள்விதான் அந்நூல் முழுவதற்கும் உயிர். மெழுகு எங்கே போகிறது? ஃபாரடே உடனே விடை சொல்லிவிடுவதில்லை. முதலில் சுடருக்கு அடியில் உருகிய மெழுகு ஒரு கிண்ணம்போலத் தேங்கி நிற்பதைக் காட்டுகிறார். அது ஏன் வழிந்துவிடாமல் நிற்கிறது? சுடரின் சூட்டால் மேலெழும் காற்றோட்டம் பக்கங்களைக் குளிர்வித்துக்கொண்டே செல்வதால், நடுப்பகுதி உருகியும் விளிம்பு உருகாமலும் நிற்கிறது. அடுத்து, கீழே இருக்கும் அந்த மெழுகு மேலே இருக்கும் சுடரை எவ்வாறு சென்றடைகிறது? திரியின் இழைகளுக்கிடையே அது ஏறுகிறது. உப்பைத் தூண்போல அமைத்து அதன் அடியில் நிறமூட்டிய நீரை ஊற்றி, அந்த நீர் தானே மேலேறுவதைச் சிறுவர்களின் கண்முன் நிகழ்த்திக் காட்டுகிறார். பிறகு சுடரை அணைத்து, திரியிலிருந்து எழும் வெண்புகைக்குச் சற்றுத் தொலைவில் தீயைக் காட்டுகிறார். தீ அப்புகை வழியே ஓடிவந்து திரியைப் பற்றிக்கொள்கிறது. எரிவது கட்டியான மெழுகு அன்று, அதன் ஆவியே என்பதைச் சிறுவன் தானே கண்டுகொள்கிறான்.

இதன் பின்னரே முதற் கேள்விக்கு வருகிறார். சுடருக்கு மேல் குளிர்ந்த கலத்தைப் பிடித்தால் அதன் அடியில் நீர் துளிர்க்கிறது. எரிந்த காற்றைச் சுண்ணாம்புத் தெளிநீரில் செலுத்தினால் அது பால்போல் வெளுக்கிறது. அது கரியமில வாயுவின் அடையாளம். ஆக, மெழுகு அழியவில்லை. நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் உருமாறிக் காற்றோடு கலந்துவிட்டது. இன்று நாம் கணக்கிட்டுச் சொல்வதென்றால், ஒரு கிராம் மெழுகு எரியும்போது ஏறத்தாழ 3 கிராம் கரியமில வாயுவும் 1.3 கிராம் நீரும் உண்டாகின்றன. போனதைவிட வந்தது மிகுதி. அந்த மிகுதி, காற்றிலிருந்து வந்து சேர்ந்த ஆக்சிஜனின் எடை. ‘தன்னை அழித்துக்கொள்கிறது’ என்று நான் குழந்தைக்குச் சொன்னது எவ்வளவு தவறு!

இறுதிச் சொற்பொழிவில் ஃபாரடே மெழுகுவர்த்தியிலிருந்து மனிதனுக்கு வருகிறார். நாம் உண்ணும் உணவும் உடலினுள் மெதுவாக எரிகிறது. நாம் வெளிவிடும் மூச்சும் சுண்ணாம்பு நீரை வெளுக்கச் செய்கிறது. அந்த வாயுவைத் தாவரங்கள் ஏற்று வளர்கின்றன. மேசைமேல் இருந்த ஒரு சிறு பொருளில் தொடங்கியவர், உயிருலகம் முழுவதையும் பிணைக்கும் ஒரு சுழற்சியில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். கேட்டுக்கொண்டிருந்த சிறுவர்கள் தங்கள் தலைமுறையில் மெழுகுவர்த்தியைப்போல் ஒளிர வேண்டும் என்ற வாழ்த்தோடு முடிக்கிறார். ஆம், அவரும் அதே உவமையைத்தான் சொல்கிறார். ஆனால் ஆறு நாள் உழைத்து விடை கூறிய பிறகு சொல்கிறார். நானோ விடைக்குப் பதிலாக அதைச் சொன்னேன்.

இன்று ‘பருவநிலை மாற்றம்’ என்ற சொல்லைச் செய்திகளில் கேட்டு அஞ்சும் சிறுவர்க்கும் இதே மெழுகுவர்த்தி வழிகாட்டும். கடையில் வாங்கும் மெழுகு பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த உயிர்களின் கரி அதில் இருக்கிறது. அதை எரிக்கும்போது பழைய கரி இன்றைய காற்றில் சேர்கிறது. ஒரு மெழுகுவர்த்தியால் ஒன்றும் ஆகாது. ஆனால் உலகின் ஆலைகளும் வண்டிகளும் அனல்மின் நிலையங்களும் ஒவ்வொரு நாளும் அதையே செய்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அது வெப்பத்தைத் தடுத்துக்கொள்ளும் தன்மையை ஜான் டிண்டால் அளந்து காட்டியதும், ஃபாரடே மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேசிய அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில், 1859க்கும் 1861க்கும் இடைப்பட்ட அதே ஆண்டுகளில்தான். பேருலகின் சிக்கல் ஒன்றைக் கைக்கடக்கமான பொருளிலிருந்து தொடங்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அலங்கார மெழுகுவர்த்திகள்

ஃபாரடே முதற் சொற்பொழிவில் கூறும் ஒரு செய்தி, இலக்கியத் திறனாய்வுக்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றியது. வரிவரியாகச் செதுக்கிய, கண்ணைக் கவரும் அலங்கார மெழுகுவர்த்திகள் நன்றாக எரிவதில்லை என்கிறார் அவர். வடிவம் சீராக இல்லாததால் காற்றோட்டம் சீர்கெடுகிறது. கிண்ணம் சரியாக அமைவதில்லை. மெழுகு வழிந்து வீணாகிறது. காண்பதற்கு அழகானதைக் காட்டிலும் செயலுக்கு உகந்ததே நமக்கு மேலானது என்பது அவர் கருத்து.

நம் சிறுவர் அறிவியல் நூல்கள் பலவற்றின் நடையும் இந்த அலங்கார மெழுகுவர்த்திதான். ‘ஆகா, என்னே இயற்கையின் விந்தை!’ என்று ஒவ்வொரு பத்தியிலும் வியப்புக்குறி நிற்கிறது. வியப்பதற்குரிய பொருள் எங்கும் காணோம். முயலும் ஆமையும் பேசிக்கொள்கின்றன. ஆனால் அவற்றின் பேச்சில் வருவது பாடநூல் வரையறை. மற்றொரு வகையில் கலைச்சொல் முந்திக்கொள்கிறது. திரியில் மெழுகு ஏறுவதைக் குழந்தை காண்பதற்கு முன்பே ‘தந்துகிக் கவர்ச்சி’ என்ற பெயர் அதன் தலைமேல் வைக்கப்படுகிறது. தமிழில் கலைச்சொற்கள் வேண்டாம் என்று நான் கூறவில்லை. அவை நம் மொழிக்குக் கிடைத்த செல்வம். ஆனால் பெயர் என்பது கண்டறிந்த பொருளுக்கு இடுவது. காணாத பொருளின் பெயரை மனப்பாடம் செய்த குழந்தை, பொருளையே அறிந்துவிட்டதாக எண்ணி மயங்குகிறது. நாமும் அவ்வாறே எண்ணி மதிப்பெண் வழங்குகிறோம்.

தமிழுக்கு இத்துறையில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. வழக்கறிஞராக இருந்து, நீண்ட வாழ்நாளில் பல பத்தாண்டுகள் அறிவியலைத் தெளிந்த தமிழில் எழுதிவந்த பெ. நா. அப்புசாமி (1891–1986) இருந்தார். பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளில் உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968 முதல் 1976 வரை வெளிவந்தது. இந்திய மொழிகளில் அதற்கு ஈடான முயற்சிகள் அக்காலத்தில் அரிது. 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ சிறுவர் கைகளில் தவழ்ந்து வருகிறது. குறை நூல்கள் இல்லாததில் இல்லை. குழந்தையோடு அமர்ந்து அந்நூல்களைத் திறக்கும் பெரியவர்கள் இல்லாததில் இருக்கிறது. நானும் அவர்களுள் ஒருவன்.

சிறையிலிருந்து வந்த கடிதங்கள்

அறிவியலை விளக்கப் பொருள் உண்டு. சுடரைக் காட்டலாம், நீரைக் காட்டலாம். உலக வரலாற்றையும் அரசியலையும் எதைக் கொண்டு காட்டுவது? ஜவகர்லால் நேரு கண்ட வழி, கடிதம். 1928ஆம் ஆண்டுக் கோடையில் பத்து வயது இந்திரா முசூரியில் இருந்தபோது, அலகாபாத்திலிருந்து அவர் எழுதிய முப்பது கடிதங்கள் மறு ஆண்டு நூலாயின. உருண்டு மழமழப்பான ஒரு கூழாங்கல்லைச் சுட்டி, அது எப்படி அவ்வடிவம் பெற்றது என்று கேட்டு, கல்லையும் மலையையும் புத்தகம்போலப் படிக்கலாம் என்று சொல்லித் தொடங்கும் அவரது முறை, ஃபாரடேயின் முறைக்கு உறவு. பின்னர் 1930 அக்டோபர் முதல் 1933 ஆகஸ்டு வரை, பெரும்பகுதி சிறைகளில் இருந்துகொண்டு எழுதிய 196 கடிதங்கள், 1934இல் உலக சரித்திரக் காட்சிகளாக வெளிவந்தன.

இக்கடிதங்களின் பெருஞ்சிறப்பு ஒன்று உண்டு. வரலாற்றை நாடு நாடாகப் பிரித்துத் தனித்தனிப் பெட்டிகளில் அடைக்காமல், ஒரே காலத்தில் உரோமையில் என்ன, சீனத்தில் என்ன, தென்னிந்தியாவில் என்ன என்று அருகருகே வைத்துக் காட்டுகிறார். சோழப் பேரரசும் ஸ்ரீவிஜயமும் அங்கோரும் உலக வரலாற்றின் நடுமேடையில் இடம்பெறுகின்றன. தன் ஊரைத் தாண்டி ஓர் உலகம் உண்டு என்பதையும், அந்த உலகத்தில் தன் ஊரும் உண்டு என்பதையும் ஒருங்கே உணர்த்துவது சிறிய செயலன்று.

ஆயினும் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதல் நூலில் மனித இனங்களைப் பற்றி வரும் பகுதிகள் அக்கால அறிவின் எல்லைக்குள் நிற்பவை; இன்று குழந்தைக்குப் படித்துக் காட்டும் பெற்றோர் அங்கே நிறுத்தி, பின்னர் வந்த அறிவை எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் நூலிலோ, கடிதங்கள் வளர வளர மகள் மறைந்துவிடுகிறாள். உலகப் பொருளாதார வீழ்ச்சியையும் நாணயச் சிக்கல்களையும் விவரிக்கும் பக்கங்களில், தந்தை பேசுவது பதினைந்து வயதுப் பெண்ணிடமா, ஒரு பொதுக்கூட்டத்திடமா என்ற ஐயம் எழுகிறது. ‘நீ’ என்ற விளி இருக்கிறது. அந்த ‘நீ’க்கு முகம் இல்லை. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியாத சிறைச்சாலையில் எழுதியவரை இதற்காகக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தினமும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதே தவற்றைச் செய்யும் நமக்கு என்ன சாக்கு?

தவற்றை ஒப்புக்கொண்ட ஆசிரியர்

மூன்றாவது நூல், வியன்னா நகரில் 1935இல் எர்ன்ஸ்ட் கோம்பிரிச் ஜெர்மன் மொழியில் எழுதிய சிறிய உலக வரலாறு. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தைச் சற்றே தாண்டியிருந்தது; முனைவர் பட்டம் இருந்தது, வேலை இல்லை. குழந்தைகளுக்கான ஓர் ஆங்கில வரலாற்று நூலை மொழிபெயர்த்துத் தரும்படி கேட்கப்பட்டவர், அதைவிட நன்றாகத் தாமே எழுத முடியும் என்று கூறி, ஏறத்தாழ நாளுக்கொரு இயலாக ஆறே வாரங்களில் முடித்தார். நாத்சிகள் அந்நூலைத் தடைசெய்தனர்; அவர்கள் கண்ட குற்றம், அது மிகையாக அமைதியை விரும்புகிறது என்பது. யூதக் குடும்பத்தில் பிறந்த அவர் 1936இல் இங்கிலாந்து சென்றார். பிற்காலத்தில் கலை வரலாற்று அறிஞராகப் பெரும்புகழ் பெற்றார்.

காலத்தின் ஆழத்தை அவர் விளக்கும் இடம் அருமையானது. பாட்டிக்கும் ஒரு பாட்டி, அவளுக்கும் ஒரு பாட்டி என்று பின்னோக்கிச் சென்று, அடி தெரியாத கிணற்றில் எரியும் தாளைப் போட்டு அது விழ விழச் சுவர்கள் ஒளிபெறுவதைப் பார்ப்பதுபோல் வரலாற்றைப் பார்க்கச் சொல்கிறார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இவ்வுவமைக்கு உரை தேவையில்லை. குறையும் உண்டு. அவருடைய ‘உலகம்’ பெரும்பாலும் ஐரோப்பா. இந்தியா ஏறத்தாழப் புத்தரோடு முடிந்துவிடுகிறது. நேரு நடுமேடையில் வைத்த சோழர்க்கு இங்கே இடமே இல்லை.

ஆனால் இந்நூலை நான் மேலானதாகக் கருதுவதற்குக் காரணம் வேறு. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1985இல் நூல் மறுபதிப்பு வந்தபோது, கோம்பிரிச் புதிதாக ஓர் இறுதி இயலைச் சேர்த்தார். முதல் உலகப்போரின் முடிவில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் தந்த வாக்குறுதிகள் பற்றி இளமையில் தாம் எழுதியது சரியன்று என்பதை அதில் வெளிப்படையாகக் கூறினார். தம் காலத்தில் எல்லாரும் நம்பியதைத் தாமும் ஆராயாமல் நம்பிவிட்டதை மறைக்கவில்லை. பழைய பக்கத்தைச் சத்தமின்றித் திருத்தி அச்சிட்டிருக்கலாம். எந்தக் குழந்தைக்கும் தெரிந்திராது. அவர் திருத்தத்தையும் பாடமாக்கினார்.

மற்றொன்றையும் செய்தார். 1935இல், மெக்சிகோவில் ஸ்பானியர் நிகழ்த்திய அழிவைப் பற்றி எழுதும்போது, அது மிகக் கொடியது, நமக்கு வெட்கம் தருவது, மேலும் சொல்ல விரும்பவில்லை என்ற பொருளில் கூறிக் கடந்துபோயிருந்தார். 1985இலோ, ஐரோப்பிய யூதர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டதைப் பேசாமல் விட அவரால் முடியவில்லை. சிறுவர் நூலில் இதைச் சொல்லலாமா என்ற தயக்கத்தை மறைக்காமலே சொல்கிறார். சிறுவரும் வளர்ந்து பெரியவராவர். தூண்டுதலாலும் சகிப்பின்மையாலும் மனிதர் எவ்வளவு எளிதில் மனிதத்தன்மையை இழக்கின்றனர் என்பதை அவர்களும் அறிந்தாக வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

உக்ரைனில் 2022இல் மூண்ட போரையும், காசாவில் 2023இல் தொடங்கிய போரையும் தொலைக்காட்சியில் பார்த்து, ‘ஏன் குண்டு போடறாங்க?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ‘உனக்கெதற்கு அது?’ என்று திரையை அணைத்துவிடுகிறோம். இல்லையேல், பிணங்களின் காட்சியை ஓடவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். கோம்பிரிச் காட்டும் வழி மூன்றாவது. கொடுமையைச் சுவைபட விவரிக்கவும் வேண்டாம். நடக்கவில்லை என்று பாசாங்கும் வேண்டாம். நடந்தது என்று சொல்லி, அது எங்கிருந்து தொடங்கியது என்பதைக் காட்ட வேண்டும். வெறுப்பு பள்ளிக்கூடத்து வாசலிலும் தொடங்கக்கூடும் என்பதால், இந்த விளக்கம் குழந்தைக்கு எட்டாத ஒன்றன்று.

கடல் ஏன் வந்தது?

இவையெல்லாம் நூலகத்துச் செய்திகள் என்று எண்ணுவோர்க்கு, நம் கரையில் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். காலை 6.28 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவிலான நிலநடுக்கம். நம் கரையை அலை தொட்டபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது. எச்சரிக்கும் ஏற்பாடு இருக்கவில்லை. ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல்தான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்குத் திருப்பயணமாக வந்திருந்தோர் பலரையும் கடல் கொண்டுபோயிற்று.

அதே காலையில் தாய்லாந்தின் ஒரு கடற்கரையில், விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, நீர் நுரைத்துப் பின்வாங்குவதைக் கண்டு பெற்றோரிடம் கூவினாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் அதைப் படித்திருந்தாள். கரை காலி செய்யப்பட்டது. ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகே இருந்த சிமெலுவே தீவிலோ பள்ளிப்பாடம் தேவைப்படவில்லை. 1907இல் அங்கே வந்த பேரலையை ‘ஸ்மோங்’ என்ற பெயரில் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கதையாகவும் தாலாட்டாகவும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தனர். நிலம் பலமாக நடுங்கி, கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட மக்களுள் ஏழு பேரே இறந்தனர். குழந்தைக்குப் புரியும்படி ஒன்றைச் சொல்லிவைப்பது உயிர் காக்கும் பணி என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் இங்கேயும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘கடல் பின்வாங்கினால் ஓடு’ என்ற ஒரே வாக்கியத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பித்து நிறுத்திவிடுவது ஆபத்து. அன்று கடலடித் தட்டு பிளந்து எழுந்தபோது, கிழக்கே தாய்லாந்துப் பக்கம் பொதுவாக அலையின் பள்ளம் முதலில் சென்றது; ஆகவே அங்கே கடல் முதலில் வற்றியது. மேற்கே இலங்கையையும் நம் கரையையும் நோக்கி அலையின் மேடே முதலில் வந்தது. வற்றுவதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்திருக்கும். நிலநடுக்கத்தையும் நம் கரையில் பெரும்பாலோர் உணரவில்லை. ஆகவே அடையாளத்தை மட்டும் சொன்னால் போதாது; காரணத்தைச் சொல்ல வேண்டும். ஆழ்கடலில் ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் விமானத்தின் வேகத்தில் ஓடும் அலை, கரையருகே ஆழம் குறையும்போது வேகம் குன்றி உயர்ந்து எழுகிறது. ஒன்றோடு நிற்பதில்லை, அடுத்தடுத்து வருகிறது. இதை அறிந்த பிள்ளை, முதல் அலை வடிந்ததும் மீன் பொறுக்க இறங்காது. சுருக்கிச் சொன்னதற்கும் விளக்கிச் சொன்னதற்கும் உள்ள வேறுபாடு அன்று உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாக இருந்தது.

அந்நாள்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் கேட்ட ‘கடல் ஏன் வந்தது?’ என்ற கேள்விக்கு, ‘கடவுள் தண்டித்துவிட்டார்’ என்று விடை கூறியவர்களும் நம்மிடையே இருந்தனர். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணுவதை ஆண்டவர் மறுத்தார் என்று லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதை வாசித்தும் நாம் குழந்தையிடம் அவ்வாறு சொன்னோம் என்றால், அது அறிவியல் அறியாமை மட்டுமன்று. கடலடித் தட்டு நகர்ந்ததைக் குழந்தைக்குச் சொல்வது நம்பிக்கைக்கு இழுக்கன்று. தாயை இழந்த பிள்ளையின் தோளிலிருந்து, அவளோ அவள் தாயோ செய்யாத ஒரு பாவத்தின் சுமையை இறக்கிவைப்பது அது. ‘அம்மா ஏன் அந்த நேரத்தில் அங்கே இருந்தாள்?’ என்பதற்கு அறிவியலில் விடை இல்லை. அதற்கு விடை தெரிந்ததுபோல் நடிக்காமல் உடன் அமர்ந்திருப்பதும் விளக்கத்தின் ஒரு பகுதியே.

மீண்டும் மெழுகுவர்த்தி

மூன்று நூல்களையும் மூடிவைத்துவிட்டுப் பார்க்கையில், அவை கேட்பது பெரும்புலமையை அன்று என்று தோன்றுகிறது. குழந்தையின் கைக்கெட்டும் பொருளிலிருந்து தொடங்குவது. எதிரே உள்ள முகத்தை மறவாதிருப்பது. தவறினால் தவறினேன் என்பது. இவை நூலாசிரியர்க்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டில் உள்ள எவரும் செய்யக்கூடியவை.

சில நாள் கழித்து, ஒரு மாலை மின்சாரம் இருக்கும்போதே மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துப் பேத்தியை அழைத்தேன். “அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. மெழுகு அழியலை. வா, பார்ப்போம்” என்றேன். அவள் என்னை ஒருகணம் உற்றுப் பார்த்தாள். தாத்தா தப்பென்று சொன்னது அவளுக்குப் புதிது. குளிர்ந்த நீர் ஊற்றி வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரைக் காலி செய்து, துடைத்து, கவிழ்த்துச் சுடருக்கு மேல் பிடித்தேன். உள்ளே மெல்லிய பனிபோல் நீர் படிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். “நெருப்பிலேருந்து தண்ணியா?” என்றாள். பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரில், ஒரு குழாய் வழியே அவளையே ஊதச் சொன்னேன், அது வெளுத்தது. மெழுகுவர்த்தியும் அவளும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்று அவள் எழுந்து போகவில்லை. சுடரின் அடியில் மட்டும் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். நாளை இருவருமாகப் புத்தகத்தில் தேடிப் பார்ப்போம் என்றேன்.